நட்டவன் பங்கு: இணுவில் தோட்டங்களும் சோனகத்தெருவும்

யாழ்ப்பாண முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பள்ளிவாசல் உறுதிகளைத் தேடுகிறார்கள். ஒல்லாந்தர் காலத்துப் பதிவுகளைப் புரட்டுகிறார்கள். உசன், மிருசுவில், நல்லூர் என்று நமது முன்னோர் இருந்து பெயர்ந்த இடங்களைப் பற்றிய மரபுக் கதைகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இவையெல்லாம் செய்ய வேண்டிய வேலைகள்தான். ஆனால் மரங்களை நாம் இன்னும் சாட்சிக்கு அழைக்கவில்லை. யார் எதை நட்டார், யார் வளவில் நட்டார், காய்த்ததை யார் வாங்கினார், எந்த முறையில் வாங்கினார் என்ற கேள்விகள் நமது ஆய்வுகளில் வருவதே இல்லை. அந்தக் கேள்விகளோடு நான் போய் நிற்கும் இடம் இணுவில். அது நம்மவர்களின் குடியிருப்பு அல்ல. என்றாலும் எனது பிள்ளைப் பருவத்தின் பாதி அந்த ஊரின் வேலியோரங்களில் கழிந்தது.

வாப்பா பழ வியாபாரி. சோனகத்தெருவிலிருந்து காங்கேசன்துறை வீதியால் சைக்கிள் மிதித்தால் கொக்குவில், தாவடி கடந்து இணுவில் வரும். நாலு மைல் இருக்கும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் பின் கரியரில் சாக்கை மடித்துப் போட்டு என்னை ஏற்றிக்கொண்டு போவார். மாங்காய், தேசிக்காய், மாதுளை, வாழைக்குலை என்று காலத்துக்கு ஏற்றபடி வாங்குவார். எந்த வளவில் எந்த மரம், எந்த ஆண்டு எவ்வளவு காய்த்தது, என்ன விலை என்பதெல்லாம் அவருடைய கணக்குக் கொப்பிகளில் இருந்தன. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது அந்தக் கொப்பிகள் வீட்டோடு நின்றுவிட்டன. ஆகவே இந்தக் கட்டுரைக்கு என்னிடம் ஆவணம் இல்லை. மரங்களின் பெயர்களும், இரண்டு சட்ட மரபுகளும், நான் கண்ணால் கண்டதும் மாத்திரமே இருக்கின்றன.

ஆறில்லாத ஊர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. அதுவும் மாரியில் மட்டுந்தான் ஓடும். ஆண்டு மழை சராசரியாக 1,200 மில்லிமீற்றர் அளவில் என்றாலும் அதன் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையான மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு வெயில். வைகாசிக்குப் பின் சோழகக் காற்று வந்து இலையில் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். கணக்குக்கு மழை போதும்; பயிருக்கு வேண்டிய மாதத்தில் மழை இல்லை.

இந்தக் குறையைத் தீர்த்தது நிலத்துக்குக் கீழே இருக்கும் சுண்ணாம்புக்கல். மாரி மழை அந்தக் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பது இதன் கண்கண்ட சாட்சி. கிணறு என்பது இந்த மிதக்கும் நீரை மெதுவாக அள்ளும் உபாயம். மெதுவாக என்ற சொல் முக்கியம். அவசரப்பட்டு இறைத்தால் கீழே கிடக்கும் உவர் மேலே ஏறும்.

இணுவிலின் மண் செம்மண். நீர் தங்காது இறங்கிவிடும். ஆகவே அங்குள்ள கமக்காரர் இரண்டு வேலைகளை இடைவிடாது செய்தார்கள். ஒன்று, துலா மிதித்து இறைத்தல். விடியப்புறம் ஒருவர் துலாவில் முன்னும் பின்னும் நடக்க, மற்றவர் கிணற்றடியில் பனையோலைப் பட்டையைக் கவிழ்க்க, மூன்றாமவர் வாய்க்காலில் நின்று தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றுவார். மற்றது, மண்ணுக்குத் தீன் போடுதல். வேலியில் நிற்கும் பூவரசு, கிளுவை, வாதராணி, முள்முருக்கு ஆகியவற்றை வெட்டிக் குழை தாழ்ப்பார்கள். ஆட்டுப் பட்டியைத் தோட்டத்துக்குள் அடைப்பார்கள். பனையோலையை மண்ணுக்குள் புதைப்பார்கள். வேலி எல்லைக்கு மட்டும் நின்றது அல்ல; அது தோட்டத்தின் எருக்கிடங்கு. மாங்கன்று நட்டால் முதல் மூன்று கோடைக்கும் வேரடியில் ஓலை பரப்பி, மேற்குப் பக்கம் ஓலையால் மறைத்து, குடத்தால் தண்ணீர் விட்டு வளர்ப்பார்கள். மூன்று கோடை தாண்டினால் வேர் கல்லிடுக்குக்குள் இறங்கிவிடும். அதற்குப் பிறகு மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

வரண்ட கரையில் கிணற்றை நம்பித் தோட்டம் செய்வது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியது அல்ல. 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா தென் அரேபியாவின் ழுஃபார் கரைக்குச் சென்றார். அங்கே ஆழக் கிணறுகளிலிருந்து பல கயிறுகள் கட்டிய பெரிய வாளியால், ஆட்கள் கூடி இழுத்துப் பயிருக்கு நீர் பாய்ச்சுவதை அவர் எழுதி வைத்திருக்கிறார். வாழை, தென்னை, வெற்றிலை அந்தக் கரையில் விளைந்ததையும் வியந்து குறிப்பிடுகிறார். இதே மனிதர்தான் 1344இல் புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அரசருக்குப் பாரசீக மொழி விளங்கியது என்றும் பதிந்தார். எகிப்தில் ஷாதூஃப் என்று அழைக்கப்படும் ஏற்றமும் நமது துலாவும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை. எது எதைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று வழக்காடத் தேவையில்லை. ஒரே வகைத் தாகம் உள்ள கரைகள் கப்பல்களால் இணைந்திருந்தன என்பதே நமக்குப் போதும்.

பெயர்கள் சொல்லும் பயணம்

நம்மில் சிலர், யாழ்ப்பாணத்தில் நிற்கும் பழமரங்கள் எல்லாவற்றையும் அரபிகள் கொண்டுவந்தார்கள் என்று மேடையில் பேசிவிடுவார்கள். கேட்க இனிமையாக இருக்கும், ஆய்வுக்கு நிற்காது. கொய்யா, அன்னாசி, பப்பாசி, அன்னமுன்னா ஆகிய பெயர்களைச் சற்று உரசிப் பார்த்தால் உள்ளே போர்த்துக்கேயச் சொற்கள் தெரியும். இவை அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். 16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு போர்த்துக்கேயக் கப்பல்களோடு இந்தப் பக்கம் வந்தவை. இணுவிலுக்குக் காசு கொண்டுவந்து கல்வீடு கட்டவைத்த புகையிலையும் அதே வழியால் வந்ததுதான். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர் வரை போனது. கறுத்தக்கொழும்பான் என்ற மாம்பழத்தை யாழ்ப்பாணத்தின் அடையாளமாகக் கொண்டாடுகிறோம். அதன் பெயருக்குள் கொழும்பு இருக்கிறது. கப்பல் வாழைப்பழம் தன் வரலாற்றைப் பெயரிலேயே வைத்திருப்பதுபோலத் தோன்றும். பின்னர் குடாநாட்டில் பரவிய முந்திரிகைப் பந்தல்களில் பெரும்பாலும் காய்த்தது இஸ்ரேல் புளூ என்ற இனம்!

அப்படியானால் அரபு வணிகர்களின் பங்கு என்ன? அதற்கும் பெயர்களிடமே போக வேண்டும். நமது புளியை அரபிகள் தம்ரு ஹிந்தி, அதாவது இந்தியப் பேரீச்சை, என்று அழைத்தார்கள். ஆங்கிலப் பெயரும் அதிலிருந்து பிறந்ததே. மறுபக்கம், ஆபிரிக்காவிலிருந்து வந்த பெருக்க மரத்துக்குத் தமிழில் பப்பரப்புளி என்று ஒரு பெயர் உண்டு. அயல்நாட்டுப் புளி என்பது அதன் கருத்து. அவர்கள் நமது மரத்தைத் தங்கள் பேரீச்சையால் அளந்தார்கள். நாம் வந்த மரத்தை நமது புளியால் அளந்தோம். அறிமுகமில்லாததை அறிந்த ஒன்றின் பெயரால் வரவேற்பது வணிகம் நடந்த கரைகளின் வழக்கம்.

பெருக்க மரம் மன்னாரில் நிற்கிறது, நெடுந்தீவிலும் நிற்கிறது. மன்னார் பள்ளிமுனையில் உள்ள பெருமரத்தை வளைத்துப் பிடிக்கப் பத்துப் பேருக்கு மேல் வேண்டும். அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டார்கள் என்பது மக்கள் வழக்கு. இந்தியாவில் நிற்கும் இதே இன மரங்களின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், அவை ஆபிரிக்காவின் பல பகுதிகளிலிருந்து பல தடவைகளில் வந்தவை என்று கண்டிருக்கிறார்கள். மக்கள் வழக்கும் ஆய்வும் இங்கே ஒன்றை ஒன்று மறுக்கவில்லை. இலை கறிக்கும் கால்நடைக்கும் ஆகும். பழத்தின் சதை புளிப்பு. அடிமரம் நீரைத் தேக்கி வைக்கும். கடலோடிக்கு இதைவிட உகந்த மரம் எது?

எதிர்த்திசையில் போனவற்றையும் கணக்கெடுக்க வேண்டும். வரலாற்றாசிரியர் அன்ட்ரூ வொற்சன் 1983இல் வெளியிட்ட நூலில், இஸ்லாமிய ஆட்சியின் முதல் நூற்றாண்டுகளில் கிழக்கிலிருந்து மேற்கே பரவிய பயிர்களைப் பட்டியலிட்டார். கரும்பு, பருத்தி, கத்தரி, எலுமிச்சை, நாரத்தை, வாழை, தென்னை, மா எல்லாம் அதில் உண்டு. அவர் கருத்தைப் பிறகு வந்தோர் சிலர் மறுத்தும் திருத்தியும் எழுதினார்கள். ஆயினும் சொற்கள் மறைவதில்லை. நாரத்தையோடு உறவுடைய சொல் பாரசீகத்தில் நாரங்க், அரபியில் நாரஞ்ச், ஸ்பானிய மொழியில் நரஞ்ஹா என்று நடந்து போயிருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து இப்னுல் அவ்வாம் எழுதிய வேளாண்மை நூல் 585 தாவரங்களையும் 50க்கு மேற்பட்ட பழமரங்களையும் பேசுகிறது. மண்ணைச் சோதிப்பது, எரு கூட்டுவது, ஒட்டுக்கட்டுவது என்று அதில் உள்ள பல வேலைகளை ஓர் இணுவில் கமக்காரருக்குச் சொன்னால், 'இதை எங்கட அப்புவும் செய்தவர்தானே' என்பார்.

சில செடிகள் வெளியிலிருந்து வரத் தேவையே இருக்கவில்லை. மிஸ்வாக் குச்சியை இன்று பெட்டியில் அடைத்து வாங்குகிறோம். சங்கப் புலவர்கள் உகாய் என்று பாடிய அதே மரம் மன்னார்க் கரையில் தானாக வளர்ந்து நிற்கிறது. ஜனாஸாவைக் குளிப்பாட்டும் நீருக்கு இலந்தை இலை நம் வெட்டைகளில் கிடைத்தது. பெருநாளுக்கு முதல் வாரம் உம்மா மறக்காமல் சொல்லிவிடுவார்: 'இணுவிலுக்குப் போனா மருதோன்றி கொஞ்சம் ஒடிச்சிட்டு வாங்கோ.' வேலியில் நின்ற மருதோன்றியை அந்த வீட்டு அம்மா தானே ஒடித்து, வாழையிலையில் சுற்றித் தருவார். அதற்கு ஒருநாளும் காசு வாங்கியதில்லை.

பூவில் விலை பேசாமை

மாமரத்தைப் பூவிலேயே மதித்துக் காசு கொடுப்பது வியாபாரிகளிடையே இருந்த வழக்கம். வாப்பா அதைச் செய்யமாட்டார். காய் முற்றி நிறம் காட்டிய பிறகுதான் விலை பேசுவார். ஒரு வருடம் தோட்டக்கார ஐயா கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது.

'நானா, மற்ற ஆக்கள் பூவிலேயே காசு தந்திட்டுப் போயிட்டினம். நீங்கள் ஏன் மினைக்கெடுறியள்?'

'ஐயா, காத்தடிச்சுக் கொட்டினா எனக்கு நட்டம். குலுங்கக் காய்ச்சா உங்களுக்கு நட்டம். காய் முத்தட்டும். மரத்தைப் பாத்துப் பேசுவம்.'

இது வாப்பாவின் சொந்தக் கெட்டித்தனம் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பிறகுதான், பழம் சிவந்தோ மஞ்சளித்தோ தன் நிலையைக் காட்டும் முன்னர் மரத்தில் வைத்து விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸ்களைப் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் படித்தேன். வாப்பா கிதாபு ஓதிய ஆலிம் அல்லர். சோனகத்தெருவில் தொழுகைக்குப் பின் கேட்டதும், தன் வாப்பாவிடம் தொழில் பழகியதுமே அவருடைய கல்வி. மதீனாவின் பேரீச்சந் தோட்டத்துக்குச் சொன்ன விதி இணுவில் மாமரத்தடியில் நடைமுறையில் இருந்திருக்கிறது. நமது வரலாற்று நூல்களில் இதற்கு இடமில்லை.

இன்னொரு விதியும் உண்டு. ஹிஜ்ரி 7இல் கைபர் வெற்றி கொள்ளப்பட்டபோது, அங்கிருந்த யூதக் குடிகள் பேரீச்சந் தோட்டங்களைப் பராமரித்து விளைச்சலில் பாதியைக் கொடுப்பது என்று உடன்பாடு செய்யப்பட்டது. மரத்தைப் பராமரிப்பவனுக்குப் பழத்தில் பங்கு என்ற இந்த ஏற்பாட்டை ஃபிக்ஹு நூல்கள் முஸாக்காத் என்கின்றன. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பிந்திய கருத்து அதைப் பேரீச்சைக்கும் திராட்சைக்கும் அளவுபடுத்துகிறது. முந்திய கருத்து மற்றப் பழமரங்களுக்கும் இடம் கொடுக்கிறது. பிறர் நிலத்தில் கன்று நட்டு மரத்தில் பங்கு பெறுவதை மாலிக்கி நூல்கள் முகாரஸா என்று தனியாக விவரிக்கின்றன.

இப்போது யாழ்ப்பாணத்துக்கு வருவோம். கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி 1707இல் தொகுத்து முடித்த தேசவழமையில், பிறருடைய நிலத்தில் மரம் நட்டவருக்கும் நிலத்துக்குரியவருக்கும் பலனை எப்படிப் பிரிப்பது என்பது சொல்லப்பட்டுள்ளது. கன்றைக் கொடுத்தது யார் என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும். நிலம் ஒருவருடையது, நீர் ஊற்றிய கை இன்னொருவருடையது என்றால் மரம் இருவருக்கும் உரியது என்பதே இரண்டு மரபுகளின் சாரமும். யாழ்ப்பாணத்து உறுதிகளில் காணியோடு பங்குக் கிணறும் வழி வாய்க்காலும் சேர்த்து எழுதப்படுவதும் இதே மனப்பாங்குதான். ஆறில்லாத ஊரில் தனியாக ஒருவரால் எதையும் வளர்த்துவிட முடியாது.

மாமரம் நடாத ஆண்டுகள்

புத்தளத்தில் நாங்கள் இருந்த அகதி முகாம் ஒரு தென்னங்காணி. கிடுகுக் கொட்டில்கள். அங்கேயும் வெயில்தான், மணலும் வெயிலும். வாப்பா சும்மா இருக்கவில்லை. குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் முருங்கைத் தடி ஊன்றினார், பப்பாசி போட்டார், இரண்டு வாழைக்குட்டி வைத்தார். அடுத்தடுத்த கொட்டில்களிலும் இவையே நின்றன. எல்லாம் ஓராண்டுக்குள் பலன் தருபவை. மாவோ பலாவோ யாரும் நடவில்லை. ஒருமுறை வாப்பா மாங்கொட்டை ஒன்றை முளைக்கப் போட்டபோது உம்மா பிடுங்கி எறிந்துவிட்டார்.

'மா நட்டா இஞ்சயே இருக்கப் போறம் எண்டு அர்த்தம்.'

வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களின் கதையை எண்ணிக்கைகளாலும் அறிக்கைகளாலும் எழுதியிருக்கிறார்கள். முகாம்களில் என்ன மரம் நின்றது, என்ன மரம் நிற்கவில்லை என்பதை எழுதியிருந்தால், அடுத்த மாதம் ஊருக்குப் போய்விடுவோம் என்று ஒரு சமூகம் எத்தனை வருடம் நம்பியது என்பது அதிலேயே தெரிந்திருக்கும்.

2002இல் ஏ9 பாதை திறந்தது. மறுவருடம் வாப்பாவும் நானும் யாழ்ப்பாணம் போனோம். எங்கள் வீட்டில் கூரை இல்லை. குசினிக்குள் வேம்பு வளர்ந்து நின்றது. அடுத்த நாள் இணுவிலுக்குப் போனோம். ஐயா மௌத்தாகியிருந்தார். மகன் எங்களை அடையாளம் கண்டு படலையைத் திறந்தார். அவரும் இடம்பெயர்ந்து திரும்பியவர்தான். பழைய மரங்களில் சில நின்றன. வாப்பா ஒவ்வொன்றாகத் தொட்டு, 'இது எண்பத்தெட்டில நல்லாக் காய்ச்சது' என்று கணக்குச் சொன்னார். தொலைந்த கொப்பி அவர் தலைக்குள் இருந்தது. வெளிக்கிடும்போது மகன் ஒரு கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தக் கன்றைச் சோனகத்தெருவில் நடுவார் என்று நினைத்தேன். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு புத்தளம் வரை வந்தார். நடுவதற்கு முன் காணிக்காரரிடம் போனார். அவரும் முஸ்லிம்தான், பண்பான மனிதர்.

'நட்டுப்போட்டுச் சாப்பிடுங்க நானா. இதுக்கெல்லாம் ஒரு கேள்வியா?'

'இல்ல, காணி உங்கட. கன்றும் தண்ணியும் என்ட. காய்ச்சா பாதி உங்களுக்கு. ஒத்துக்கொண்டாத்தான் நடுவன்.'

காணிக்காரர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். உம்மா அன்றைக்கும் மறுத்தார். வாப்பா சொன்னார்: 'அப்ப போக வழி இல்லாம இருந்தம். இப்ப வழி திறந்திட்டு. இனி இது பயத்தில நடுற மரம் இல்ல.' இறுதி நாள் நெருங்கி வந்தாலும் கையில் கன்று இருந்தால் நட்டுவிடச் சொல்லும் நபிமொழியை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்பது நட்டவருக்குத் தர்மமாகும் என்பதையும் கேட்டிருக்கிறோம். அதே நபிமொழிகளைக் கேட்ட மனிதர், அதற்கு முன்னர் காணிக்காரரின் பங்கைப் பேசி முடித்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வாப்பா 2008இல் மௌத்தானார். மரம் அதற்கு ஒரு வருடம் முன்னர் முதல் தடவை காய்த்தது, பதினொரு காய். ஆறைக் காணிக்காரருக்குக் கொடுத்தார்.

இப்போது கேட்க வேண்டியவை

போர் முடிந்தபின் நான் யாழ்ப்பாணத்தில் குடியேறினேன். இணுவில் பக்கம் போனால் மனம் கலங்குகிறது. துலாவின் இடத்துக்கு இயந்திரம் வந்து பல தசாப்தம் ஆகிவிட்டது. ஒரு நாள் முழுக்கத் துலா மிதித்து எடுத்த நீரை இயந்திரம் சொற்ப நேரத்தில் இறைத்துவிடுகிறது. குழையும் பட்டி எருவும் குறைந்து யூரியா கூடியதால் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு மிஞ்சியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இணுவிலுக்கு வடக்கே சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த செய்தி 2014 அளவில் நாடெங்கும் பேசப்பட்டது. கிளுவை வேலிகள் போய் மதில்கள் எழும்புகின்றன. மதில் குழை தராது. மழைநீர் இறங்கிய செம்மண் தோட்டங்களில் சீமெந்து நிலம் வருகிறது. நிலத்தடி நீருக்கு வளவு எல்லை கிடையாது. இணுவிலில் இறங்காத மழை நகரத்துக் கிணற்றிலும் குறையும். இது தோட்டக்காரர் கவலை மட்டும் என்று சோனகத்தெரு இருந்துவிட முடியாது.

ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடக்கிலும் புத்தளத்திலும் உள்ள நம் மூத்தவர்களிடம் போகும்போது காணி உறுதி இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். வளவில் என்ன மரம் நின்றது, கன்று எங்கேயிருந்து வந்தது, யார் தண்ணீர் ஊற்றியது, காயை யார் வாங்கினார், பக்கத்து ஊரில் யாருடைய தோட்டத்தோடு தொடர்பு இருந்தது என்றும் கேளுங்கள். உறுதியைத் தொலைத்தவர்களுக்கும் இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியும். அவர்களில் பலருக்கு இப்போது எண்பது வயது.

புத்தளத்து மரம் நிற்கிறது. அந்தக் காணி கைமாறிவிட்டது. புதியவரிடம் போய் பழைய உடன்பாட்டைச் சொன்னேன். வருடா வருடம் ஆனி மாதத்தில் பாதிக் காய் பஸ்ஸில் வந்து சேர்கிறது. அதில் ஒரு பையை இணுவிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.